இடுப்பில் இல்லாவிட்டால் மடியில்

மேடம், வணக்கம்.

எனக்கு 29 வயசு. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை பார்க்கிறார். மூணு வயசுல ஒரு பையன். இப்போ ரெண்டாவது, 18 வாரம் முடிஞ்சிருக்கு.

கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். ரெண்டு மணிக்கட்டு, விரல் கணு, முழங்கால் எல்லாத்திலயும் இருக்கு. காலையில எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. ரெண்டாவது குழந்தைக்குன்னு முடிவு பண்ணினப்பவே சேலத்து டாக்டர் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திட்டு, ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சல்ஃபசலசினும் மட்டும் கொடுத்தார். கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னைக்கே பயத்துல அதையும் நானே நிறுத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. மூணு மாசம் வலி குறைவாத்தான் இருந்துச்சு. இப்போ மூணு வாரமா திரும்ப வீக்கம். தாங்க முடியாம மெடிக்கல் ஷாப்புல கவர்ல போட்டுத் தர்ற மாத்திரையை மூணு தடவை வாங்கிப் போட்டேன்.

"இந்த ஊர்த் தண்ணிக்கு யாருக்குத்தான் மூட்டு வலி இல்லை, நான் அதோடதான் மூணு பெத்தேன்"னு அத்தை சொல்றாங்க. முன்னாடி எல்லாம் பையன் தூக்கச் சொல்லி என்கிட்ட கையை நீட்டுவான். இப்போ நீட்டுறதே இல்லை, நேரா பாட்டிகிட்ட போயிடறான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பாப்பாகிட்ட "எங்க அம்மா கை உடைஞ்சு போச்சு"ன்னு சொன்னான். ராத்திரி முழுக்கத் தூங்கலை மேடம். முதல் பிரசவத்துல ரெண்டாம் மாசம் வலி வந்து, பச்சைக் குழந்தையைத் தூக்க முடியாம கிடந்தேன். மறுபடியும் அப்படி ஆச்சுன்னா? யாரோ வளர்க்கிறதுக்கு நான் எதுக்குப் பெத்துக்கணும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

*

சகோதரிக்கு,

உங்கள் கேள்வி கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அவசரமானது நடுவில் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

இன்றே சேலத்து டாக்டரிடம் பேசுங்கள். அடுத்த செக்கப் தேதி வரை தள்ளிப் போடாதீர்கள். மாத்திரையை நிறுத்தியதையும் கவர் மாத்திரை போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் கருவுக்குக் கெடுதல் செய்யும் என்பதால்தான் அவர் அதை முன்கூட்டியே நிறுத்தினார். பதிலுக்குக் கொடுத்த இரண்டும் கர்ப்பத்திலும், தாய்ப்பால் கொடுக்கும்போதும் தொடரக் கூடியவை. அதாவது, நீங்கள் பயந்து நிறுத்தியது குழந்தைக்காகவே யோசித்து எழுதிய மருந்தை. இந்த நோய் கர்ப்பத்தில் பலருக்குத் தானாகவே ஓரளவு தணியும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் வேறு, நிறுத்திய பிறகும் பல வாரம் உடம்பில் தங்கும். மருந்தில்லாமலே மூன்று மாதம் ஓடியது இதனால்தான். நோய் அடங்காமல் வீக்கத்தோடு நீடித்தால் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது. எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அவரிடம் கேட்க வேண்டியது இன்னொன்று. ஃபோலிக் அமிலம் உடம்பில் சேருவதை சல்ஃபசலசின் குறைக்கும் என்பதால், கூடவே 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எழுதுவது வழக்கம். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் அது அரை மில்லிகிராம்தான். 'ஃபோலிக்தான் ஏற்கெனவே போடுறோமே' என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் சிரப்புக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கவர் மாத்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். பெயரில்லாத அந்த நாலைந்து மாத்திரைகளில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும், பல நேரம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கும். 20 வாரத்துக்குப் பிறகு டைக்ளோஃபினாக் வகை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாயை நேரத்துக்கு முன்பே சுருக்கிவிடலாம். டெக்சாமெத்தசோன் நஞ்சுக்கொடியைத் தாண்டி நேராகக் குழந்தைக்குப் போகும். மூன்று வேளை போட்டதற்காக இடிந்து போக வேண்டாம். இந்த வாரங்களில் எப்படியும் ஸ்கேன் எடுப்பார்கள், அப்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இனி அந்தக் கவர் வீட்டுக்குள் வரக் கூடாது, அவ்வளவுதான். தாங்க முடியாத நாளுக்கு பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஒன்றோ இரண்டோ. அடுத்த வேளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் போக வேண்டும். தினமும் தேவைப்பட்டால் மருந்து போதவில்லை என்று பொருள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இனி வீட்டு விஷயம். உங்கள் வலிக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. ஒரு வாரம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு விரல் மடங்கியது, எப்போது வலி குறைந்தது, எப்போது திரும்ப ஏறியது. அநேகமாகக் காலை 6 முதல் 9 வரை மோசமாகவும், 11 மணிக்கு மேல் சுமாராகவும் இருக்கும். நம் வீடுகளில் கனமான வேலை எல்லாம் அந்த மோசமான மூன்று மணி நேரத்தில்தான் குவிந்து கிடக்கிறது, சங்கடமே அங்கேதான். பையனைக் குளிப்பாட்டுவதை மதியத்துக்கோ சாயங்காலத்துக்கோ மாற்றுங்கள். அழுக்காக இருந்தால் இருக்கட்டும். எழுந்ததும் முழங்கை பொறுக்கும் சூட்டில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பத்து நிமிடம் கையை உள்ளே விட்டு விரலை மெல்ல மடக்கி நீட்டுங்கள். அதற்குப் பிறகுதான் அடுப்படி.

அடுப்படி என்றதும் களி ஞாபகம் வருகிறது. பானையைக் காலால் அண்டை கொடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து, கெட்டிப்படும் மாவைச் சுழற்றிச் சுழற்றிக் கிண்டும்போது முழு பாரமும் மணிக்கட்டில்தான் இறங்குகிறது, அதுவும் முறுக்கிய நிலையில். வீங்கிய மணிக்கட்டுக்கு இதைவிடக் கெட்ட வேலை கிடையாது. ராகியை விட வேண்டாம், கிண்டுவதை விடுங்கள். கூழாகவோ தோசையாகவோ செய்யுங்கள். களிதான் வேண்டும் என்கிறவர் கட்டையைப் பிடிக்கட்டும். துணி முறுக்கிப் பிழிவதும் இதே கணக்குதான். பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள், பாலக்கோட்டு வெயில் பார்த்துக்கொள்ளும்.

வலி குறைவான நாளில்தான் அதிக கவனம் வேண்டும். 'இன்னைக்கு நல்லா இருக்கே' என்று பரண் வரை துடைத்து வைத்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. எந்த நாளாக இருந்தாலும் இருபது நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் உட்காருவது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் "கை உடைஞ்சு போச்சு" என்று சொன்னது உங்களைக் குறை சொல்ல அல்ல. மூன்று வயதில் தனக்குத் தெரிந்த வார்த்தையை வைத்து ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறான். நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தாங்களே ஒரு காரணம் செய்துகொள்வார்கள், பல நேரம் அது 'என்னாலதான்' என்று முடியும். அதனால் நேராகச் சொல்லுங்கள்: "அம்மா கை உடையலைடா. உள்ளே வீங்கியிருக்கு. காலையில வலிக்கும், சாயங்காலம் குறையும். நீ தூக்கச் சொன்னதால வரலை." 'நாளைக்குத் தூக்குறேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த நாளை உங்கள் கையில் இல்லை.

தூக்குவதற்குப் பதிலாக ஒன்றை அவனுக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் கட்டில் விளிம்பிலோ திண்ணையிலோ உட்காருங்கள். கீழே ஒரு முக்காலி போட்டு, அவனே ஏறி வந்து மடியில் உட்காரட்டும். உங்கள் கை அவனைச் சுற்றி இருந்தால் போதும், தூக்க வேண்டாம். வலி குறைவான நேரத்தில் தினமும் பதினைந்து நிமிடம், அதே இடத்தில். நாலைந்து நாளில் முக்காலியை அவனே இழுத்துக்கொண்டு வருவான். ஏழாம் மாதத்துக்கு மேல் வயிறு மடியைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பக்கத்தில் ஒட்டி உட்காருவது என்று இப்போதே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பாப்பா வந்து தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று நினைப்பான். பாட்டியிடம் ஓடுகிறானே என்றால், ஓடட்டும். தூக்குவது யார், கதை சொல்வது யார் என்று பிள்ளைகள் பிரித்து வைத்துக்கொள்வார்கள். அதை வைத்து அம்மா யார் என்று அவர்கள் குழம்புவதில்லை.

அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எலும்பு இறுகி இடுப்பும் முதுகும் விறைத்துப்போகும். உங்களுடையது வேறு. உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வரும் வீக்கம் இது. அவர் வலியும் நிஜம், உங்கள் வலியும் நிஜம், இரண்டும் ஒரே நோய் அல்ல. இதை நீங்கள் சொன்னால் வாக்குவாதமாகும். அடுத்த முறை அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும். குடிக்க ஒகேனக்கல் தண்ணீரையே பிடியுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். உதவி கேட்கும்போதும் 'கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க அத்தை' வேண்டாம். 'காலையில 6லேர்ந்து 9 வரைக்கும் இவன் உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை' என்று நேரம் போட்டுக் கேளுங்கள்.

இனி நீங்கள் பயப்படும் அந்த இரண்டாம் மாதம். பிரசவம் முடிந்து முதல் மூன்று மாதத்தில் இந்த வலி திரும்புவது மிகச் சகஜம், உங்களுக்கு ஏற்கெனவே நடந்தும் இருக்கிறது. அதனால் திரும்ப வரும் என்றே வைத்துத் திட்டம் போடுங்கள். நம் வழக்கப்படி சொந்தம் எல்லாம் முதல் மாதம் கூடி இருந்துவிட்டு, முப்பது நாள் கழிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடும். உங்களுக்கு ஆள் தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான். உங்கள் அம்மாவையோ தங்கையையோ ஐந்தாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை வரச் சொல்லுங்கள். முதல் மாதத்தை அத்தையும் கணவரும் பார்த்துக்கொள்ளட்டும். கணவருக்கு ஷிப்ட் மாற்றவோ லீவு எடுக்கவோ வழி இருந்தால் அதையும் அந்த வாரங்களுக்கு ஒதுக்குங்கள். நாலாவது, ஐந்தாவது வாரத்தில் மூட்டு டாக்டரைப் பார்க்கப் பிரசவத்துக்கு முன்பே தேதி வாங்கிவிடுங்கள்.

கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, உங்கள் கர்ப்பகால அட்டையில் இந்த நோயின் பெயரையும் மாத்திரைப் பெயர்களையும் எழுத வையுங்கள். கழுத்திலும் வலி இருந்தால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கு வர ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் அந்தச் செவிலியரிடமே கேளுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தச் சேவையும் உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், 'நான் எதுக்கு' என்ற நினைப்பே ஓடினால் அதை வலியின் கணக்கில் எழுதாதீர்கள். 14416க்குக் கூப்பிடுங்கள், டெலிமானஸ், கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விடலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ தோன்றினால், அன்றே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரியை உங்கள் கணவரிடமும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

குழந்தையை எடுக்கும்போது கட்டைவிரலை விரித்துக் கக்கத்தில் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு முன்கையையும் அடியில் நுழைத்து, உங்கள் மார்போடு அணைத்து வாரி எடுங்கள். பாரம் மணிக்கட்டுக்கு வராது. ராத்திரி பால் கொடுக்க ஒருக்களித்துப் படுப்பதே சுகம். முடிச்சுப் போடும் ஜப்லா, கோமணத் துணி எல்லாம் காலை நேரத்து விரலுக்கு ஆகாது. ஒட்டுப் பட்டை வைத்ததாக வாங்கி வையுங்கள். தூளியை வழக்கம்போல் தரையை ஒட்டித் தொங்கவிட்டால் குனிந்து எடுக்க வேண்டி வரும். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்தால் உங்கள் முழங்கால் மட்டத்துக்கு அதன் அடி வர வேண்டும். கீழே ஒரு மெத்தை கட்டாயம். ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து, உங்கள் கைக்கு எட்டுகிறதா, வாரி எடுத்து மடிக்குக் கொண்டுவர முடிகிறதா என்று எட்டாம் மாதத்திலேயே பார்த்து, கயிற்றின் நீளத்தைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.