வலையமைப்பு ஆய்வாளரின் வேலைதான் என்ன? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கணினி வலையமைப்பில் ஆய்வு செய்யப் போகிறேன் என்று சொன்னால், ‘கேபிள் இழுக்கும் வேலைக்கா முனைவர் பட்டம்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். ஓர் ஆய்வாளர் நாள் முழுதும் என்னதான் செய்கிறார்?

பதில்: கேபிள் இழுப்பதும் ரௌட்டரைச் சரிசெய்வதும் வலையமைப்புப் பொறியாளரின் பணி, அவர் இல்லாவிட்டால் ஆய்வாளருக்கு ஆராய்வதற்கே ஒன்றும் இருக்காது என்பதால், அதைக் குறைத்துப் பேச நான் உடன்பட மாட்டேன். ஆய்வாளர் கேட்பது வேறு கேள்வி. தகவல் ஏன் இந்த இடத்தில் தேங்குகிறது, ஒரே இணைப்பைப் பலர் பகிரும்போது யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, விதியை மாற்றினால் என்ன நேரும் என்பதே அவருடைய கவலை. அதற்கு விடை தேடும் நாளில் பெரும்பகுதி அளப்பதிலும், அளந்தது சரிதானா என்று ஐயப்படுவதிலும் போய்விடும்.

இணையத்தில் தகவல் சிறு சிறு துண்டுகளாகவே செல்கிறது, அந்தத் துண்டுதான் பாக்கெட். ஒரு பாக்கெட் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச்சேர ஆகும் நேரத்தை அறிய, வந்துபோகும் பாக்கெட்டுகளை நேரத்தோடு குறித்துவைக்கும் டிசிபிடம்ப் கருவியை இரண்டிலும் ஓடவிட்டுப் பதிவு எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் போட்டுப் பார்த்தால், சில பாக்கெட்டுகள் புறப்படுவதற்கு 3 மில்லிநொடி முன்பே வந்து சேர்ந்திருக்கும்! இரண்டு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகாததுதான் காரணம். இப்படி எதிர்மறை எண் வந்தால் பிழை கண்ணில் பட்டுவிடுகிறது. கடிகாரம் மறுபக்கமாகப் பிசகியிருந்தாலோ, தாமதம் நம்பும்படியாகச் சற்றே கூடித் தெரியும், யாரும் கவனிக்காமல் ஆய்வுக்கட்டுரைவரை போய்விடும். அதே பதிவில், 1,500 பைட்டுக்கு மேல் சுமக்காத ஈதர்நெட் இணைப்பில் 60,000 பைட் பாக்கெட் ஒன்று தென்படும். இயங்குதளம் பெரிய துண்டாகக் கொடுப்பதை நெட்வொர்க் கார்டுதான் பிறகு நறுக்குகிறது என்று அறிந்தவருக்கே அது விளங்கும். இத்தகைய சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்த பிறகே, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் நிரல் எழுதுவது, வலையமைப்பைக் கணினிக்குள்ளேயே போலச்செய்யும் என்எஸ்-3 போன்ற சிமுலேட்டரில் சோதிப்பது, கட்டுரை எழுதுவது எல்லாம். இந்த ஐயப்படும் பொறுமைதான் இத்துறையின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: இணையம் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது? இன்னும் ஆராய என்ன மிச்சம்?

பதில்: ஓடிக்கொண்டிருந்த இணையம் ஏறக்குறைய நின்றே போன காலம் ஒன்று உண்டு. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட் சென்ற வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலில் பாக்கெட் தொலைந்தால் அனுப்பிய கணினி அதையே மீண்டும் அனுப்பும். எல்லாக் கணினிகளும் அப்படி அனுப்ப, நெரிசல் மேலும் இறுகும். அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் இதை நுணுகி ஆராய்ந்து, பாக்கெட் தொலைவதையே நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு அனுப்புபவரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-இல் வெளியிட்டார். வழியிலுள்ள ரௌட்டர்களை மாற்றாமல், இரு முனைகளிலுள்ள மென்பொருளை மட்டும் திருத்தியே இணையத்தைக் காப்பாற்ற முடிந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் அந்தத் தீர்வே பின்னாளில் புதிய சிக்கலுக்கு இடமளித்தது. நினைவகத்தின் விலை இறங்கியதால், ரௌட்டர்களிலும் மோடம்களிலும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் பஃபர் மிகப் பெரிதாகிவிட்டது. அது நிரம்பி வழியும்வரை எந்தப் பாக்கெட்டும் தொலையாது, ஆகவே அனுப்புபவரும் வேகத்தைக் குறைப்பதில்லை, வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகும். பெரிய கோப்பு ஒன்றை அப்லோட் செய்துகொண்டே, மறுமொழி வர ஆகும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 20 மில்லிநொடியில் வந்த மறுமொழி பல நூறு மில்லிநொடிகளுக்குத் தாவக்கூடும். வீடியோ அழைப்பில் குரல் திக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடல் என்னும் முறை, வரிசையின் நீளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பாக்கெட் காத்திருக்கும் நேரத்தைப் பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிநொடி காலத்துக்குத் தொடர்ந்து 5 மில்லிநொடிக்கு மேலேயே இருந்தால், பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்புபவருக்கு எச்சரிக்கை தருகிறது.

மீற முடியாத எல்லையும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் செல்லும். 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வருக்குப் போய்வரவே 100 மில்லிநொடி ஆகும். ஆகவே, தகவல் வரத் தொடங்குவதற்கு முன் எத்தனை முறை போய்வர வேண்டும் என்பதைக் குறைக்கவே முயல்கிறோம். கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான விதிமுறையாக, 2021-இல் ஆர்.எஃப்.சி. 9000 என்னும் இணையத் தர ஆவணத்தில் தரப்படுத்தப்பட்ட க்விக் நெறிமுறையின் பயன்களில் இதுவும் ஒன்று.

கேள்வி: என் மகள் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அவளுடைய கட்டுரை இரண்டு மாநாடுகளில் நிராகரிக்கப்பட்டுவிட்டது. சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. இது இயல்புதானா?

பதில்: இயல்புதான், அம்மா. சிக்காம், என்.எஸ்.டி.ஐ. போன்ற முன்னணி மாநாடுகளில் ஐந்தில் ஒரு கட்டுரை தேறுவதே அரிது. எங்கள் துறையில் ஆய்விதழ்களைவிட மாநாடுகளுக்கே மதிப்பு அதிகம். அவற்றுக்குக் கட்டுரை அனுப்பும் கெடுவோ ஆண்டில் ஓரிரு முறைதான் வரும். ஒரு நிராகரிப்பு அரையாண்டை விழுங்கிவிடுவதால், அவருடைய வருத்தத்தில் நியாயமிருக்கிறது. மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளைச் சில நாள் கழித்து, வழிகாட்டியோடு உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். ‘இந்தச் சோதனை உண்மையான வலையமைப்பில் செல்லுபடியாகுமா?’ என்று அவர்களில் ஒருவராவது கேட்டிருப்பார், பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் அடுத்த கட்டுரை இருக்கும். ‘எப்போது முடிப்பாய்?’ என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி: கணிதம் முக்கியமா, நிரலாக்கமா?

பதில்: இரண்டும். நிகழ்தகவும் புள்ளியியலும் இல்லாமல் அளவீட்டைப் புரிந்துகொள்ள முடியாது. சி போன்ற நிரல் மொழி தெரியாமல் அளப்பது கடினம்.

கேள்வி: ஆய்வு என்ற பெயரில் எங்கள் தகவல்களையெல்லாம் படிக்கிறீர்களா?

பதில்: இந்த அச்சம் நியாயமானது, ஆய்வாளர்களும் இதைச் சுமக்கத்தான் வேண்டும். பொதுவாகப் பாக்கெட்டில் முகவரி போன்ற விவரங்கள் இருக்கும் தலைப்புப் பகுதியை மட்டும் பதிவுசெய்து, கணினிகளைச் சுட்டும் ஐ.பி. முகவரிகளை அடையாளம் தெரியாதபடி மாற்றி, நிறுவனத்தின் அறநெறிக் குழுவிடம் ஒப்புதல் பெற்றே ஆய்வு நடத்த வேண்டும். 2013-இல் வந்த இசட்மேப் என்னும் கருவி, ஒரே கணினியிலிருந்து ஐ.பி.வி.4 என்னும் வகை இணைய முகவரிகள் அனைத்தையும், மறுமொழி வருகிறதா என்று 45 நிமிடத்துக்குள் அலசிவிடும். அவ்வளவு ஆற்றல் கையில் இருக்கும்போது, அலசும் கணினியிலேயே யார், எதற்காக அலசுகிறார்கள் என்ற அறிவிப்பையும் தொடர்பு முகவரியையும் வைப்பதும், வேண்டாம் என்று எழுதுபவர்களின் முகவரிகளை அடுத்த அலசலிலிருந்து நீக்கிவிடுவதும் பொறுப்புள்ள ஆய்வாளரின் அன்றாட வேலையில் சேர்ந்தவை.