கிட்வேக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, ஜாம்பியாவில் கிட்வே பக்கம் ஒரு தாமிர உருக்காலையில் ஒப்பந்தக் கம்பெனி மூலம் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மனைவியையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் கூட்டிவரலாமா, வெளிநாட்டுச் சுரங்கக் கம்பெனிகள்மேல் அங்கே ஏன் இவ்வளவு கோபம் என்று இரண்டு கேள்வி. வரலாம். ஆனால் முதல் மூன்று மாதம் நீங்கள் மட்டும் வந்து வீடு பாருங்கள். அதன்பின் அவர்களைக் கூப்பிடுங்கள்.

வீடு பார்க்கும்போது வாடகையைவிடக் கூரைத் தகட்டைக் கவனியுங்கள். உருக்காலையின் கந்தகப் புகைக்கு, பக்கத்துச் சுரங்க நகரமான முஃபுலிராவின் மக்கள் வைத்திருக்கும் பெயர் 'சென்டா'. அது தொண்டையைப் பிடிக்கும், இருமல் நிற்காது. அங்கே கன்கோயோ குடியிருப்பில் பல வருடப் புகை தகரத்தை அரித்து, மண்ணைப் புல் முளைக்காதபடி ஆக்கியிருக்கிறது. 2014இல் ஆலையைப் புதுப்பித்தபின் புகை பெருமளவு குறைந்தது. மண் இன்னும் பழைய மண்தான். தகடு துருவேறி ஓட்டை விழுந்திருந்தால், முற்றத்தில் செடி பிடிக்கவில்லையென்றால், அந்தத் தெரு வேண்டாம். லுசாகாவிலிருந்து வரும் வழியில் கப்வே இருக்கிறது. அங்கே ஈயச் சுரங்கம் 1994இல் மூடப்பட்டது, தூசியில் ஈயம் இன்றும் உண்டு. தவழும் குழந்தையோடு அங்கே தங்கவே கூடாது.

அடுத்தது தண்ணீர். 2025 பிப்ரவரி 18 அன்று சம்பிஷி அருகே சீனக் கம்பெனி ஒன்றின் கழிவு அணை உடைந்து, குறைந்தது 5 கோடி லிட்டர் அமிலக் கழிவு கஃபுவே ஆற்றில் கலந்தது. கிட்வேயின் குழாய்த் தண்ணீர் அந்த ஆறுதான். அப்போது சப்ளையை நிறுத்தினார்கள். வீட்டில் குறைந்தது இரண்டு மூடியுள்ள 200 லிட்டர் டிரம் எப்போதும் நிரம்பியிருக்கட்டும். காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். போர்வெல் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், குடியேறும் முன் ஈயம், மாங்கனீஸ், சல்ஃபேட் மூன்றுக்கும் பரிசோதனை செய்யுங்கள். மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். 2024 வறட்சியில் நாளில் பெரும்பகுதி கரண்ட் இல்லை. சோலாரும் பேட்டரியும் உள்ள வீடாகப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் சம்பளம் டாலரா, உள்ளூர் நாணயமான குவாச்சாவா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தாமிர விலை விழுந்தால் குவாச்சாவும் விழும்: 2015 தொடக்கத்தில் டாலருக்கு 6 சொச்சம், வருடக் கடைசியில் 11. வேலை பெர்மிட் உங்களை அழைக்கும் கம்பெனியோடு கட்டுப்பட்டது, கம்பெனி மாறினால் புதிதாக எடுக்க வேண்டும். "பிசினஸ் விசாவில் வா, பெர்மிட் பின்னால் வரும்" என்றால் விமானம் ஏறாதீர்கள். குடியேற்ற அதிகாரி வந்தால் மாட்டுவது நீங்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி லாக்கரில் கொடுக்க வேண்டாம். 12 மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் முடிந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்குக் குறையாத பணிக்கொடை தர வேண்டும் என்று 2019 தொழிலாளர் சட்டம் சொல்கிறது. உள்ளூர் ஆட்களைச் சில மாத ஒப்பந்தங்களிலேயே ஓட்டுவதற்கு இது ஒரு காரணம்.

கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதில்தான் தொடங்குகிறது. அரசுச் சுரங்க நிறுவனம் நடத்திய காலத்தில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணீர், வீடு எல்லாம் சுரங்கத்தோடு சேர்ந்தே வந்தன. விலை சரிந்து கடன் ஏறியபின், உலக வங்கி, ஐ.எம்.எஃப். நெருக்குதலில் 1997 முதல் 2000 வரை பெரும்பாலானவற்றைத் துண்டுதுண்டாகத் தனியாருக்கு விற்றார்கள். தோண்டியெடுக்கும் தாமிரத்தின் விலையில் அரசுக்குத் தர வேண்டிய பங்கான ராயல்டி சட்டத்தில் 3 விழுக்காடு, விற்பனை ஒப்பந்தங்களில் 0.6. கணக்குப் போடுங்கள்: 2007இல் டன் 7,000 டாலருக்கு விற்றபோது நாட்டுக்கு ராயல்டியாக 42 டாலர். இன்று விலைக்கேற்ப 4 முதல் 10 விழுக்காடு. ஆனால் அந்தப் பத்தாண்டில் போனது போனதுதான்.

சரக்கு லாரியில் துறைமுகத்துக்குப் போகும். காகிதத்தில் அதை வாங்குவது பெரும்பாலும் சுவிட்சர்லாந்தில் உள்ள, அதே குழுமத்தின் வர்த்தகக் கம்பெனி. விலையைக் குறைத்துப் போட்டால் லாபம் அங்கே போய்விடும், இங்கே வரி குறையும். மொபானி சுரங்கம் தன் அப்போதைய தாய்க்கம்பெனியான கிளென்கோருக்கு 2006 முதல் 2009 வரை விற்ற விலை குறித்த வழக்கில், 2020இல் ஜாம்பிய உச்சநீதிமன்றம் 24 கோடி குவாச்சா வரியை உறுதிசெய்தது. அதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

வேதாந்தா கதை தூத்துக்குடிக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே குழுமம் 2004இல் 2.5 கோடி டாலருக்குக் கொங்கோலா தாமிரச் சுரங்கத்தின் 51 விழுக்காட்டை எடுத்தது. ஆண்டுக்குக் குறைந்தது 50 கோடி டாலர் வருகிறது என்று அதன் தலைவர் பேசிய வீடியோ 2014இல் இங்கே எல்லார் கைக்கும் வந்தது. ஆற்று மாசுக்காக சிங்கோலா கிராமத்தார் 1,826 பேர் லண்டனில் வழக்குப் போட்டார்கள். அங்கேயே விசாரிக்கலாம் என 2019இல் பிரிட்டன் உச்சநீதிமன்றம் சொன்னது, 2021இல் சமரசமானது. சுரங்கத்தை அரசு 2019இல் கையில் எடுத்து, பின்னர் அதே வேதாந்தாவிடம் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே ஆலையில் உங்களை 'முவென்யே', அதாவது இந்தியர், என்று கூப்பிட்டால் அது வசையல்ல. ஆனால் அந்தக் கணக்கில் உங்களையும் வைத்துப் பார்ப்பார்கள். காலையில் வேலையைச் சொல்லும் முன் உள்ளூர் பெம்பா மொழியில் "முலி ஷானி, முக்வாய்" என்று நலம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் முகக்கவசத்தில் கந்தக வாயுவுக்கான மஞ்சள் பட்டை ஈ வகை கேட்ரிட்ஜ் இருக்கும். பக்கத்தில் நிற்கும் ஒப்பந்த உதவியாளரின் முகத்தைப் பாருங்கள்: பல இடங்களில் வெறும் தூசி மாஸ்க்தான், அது வாயுவைத் தடுக்காது. ஸ்டோர்ஸில் பொருள் கேட்கும் இன்டென்ட் சீட்டு எழுதும்போது எண்ணிக்கையை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுங்கள்.