செம்பனைக் காட்டுப் பள்ளத்தில் கிடைத்த எலும்பு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவில், பகாங் மாநிலத்து ஜெராண்டுட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். நானும் கூட்டாளிகள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் கடைசித் தீம்பாருக்கு (மரம் நட்ட பகுதிக்கு)ப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் இறங்கிக் கல் தேடுவோம். எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நான்கு மாதத்துக்கு முன் மழையில் மண் சரிந்த இடத்தில், சிவப்புப் பாறைக்குள் எலும்பு மாதிரி ஒன்று தெரிந்தது. சுத்தியலும் உளியும் கொண்டுபோய் இரண்டு ஞாயிறு பாடுபட்டு முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்தோம். உள்ளே இன்னும் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டினோம். டைனோசராகக்கூட இருக்கலாம் என்றார். கூட்டாளி ஒருவர் முகநூலில் படம் போட்டார். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் 8,000 வெள்ளிக்குக் கேட்டு, 500 வெள்ளி முன்பணமும் அனுப்பிவிட்டார். இதற்குள் விஷயம் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. "தோட்டத்து மண்ணில் இருந்தது தோட்டத்துக்குத்தான் சொந்தம். வெள்ளிக்கிழமைக்குள் ஆபீசில் கொண்டுவந்து வை, இல்லாவிட்டால் போலீஸ் ரிப்போர்ட், வேலையும் போகும்" என்கிறார். எலும்பு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அது யாருக்குச் சொந்தம்? விற்கலாமா? எங்களை உள்ளே வைத்துவிடுவார்களா?

பதில்: தம்பி, கட்டிலுக்கு அடியில் இருப்பதை இன்றைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். கழுவ வேண்டாம், வார்னிஷ் பூச வேண்டாம், உடைந்த துணுக்கைப் பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். அந்தப் பள்ளத்துப் பக்கம் யாரும் போகக்கூடாது. முகநூல் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன் பதிவையும், வாங்க வந்தவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் அழித்ததுதான் பிறகு மறைத்ததாகத் தெரியும்.

மேனேஜர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதியை முதலில் பார்ப்போம்.

நிலப்பட்டா கம்பெனி பெயரில் இருக்கலாம். அதனால் அந்த மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் கம்பெனிக்கு என்று ஆகிவிடாது. நம் தேசிய நிலச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, நிலத்தின் மேலும் உள்ளும் இருக்கும் கனிமங்களையும் பாறைப் பொருள்களையும் மாநில அரசிடம் வைத்திருக்கிறது. செம்பனை நடலாம், குலை வெட்டலாம், வீடு கட்டலாம். பாறையை வெட்டி எல்லைக்கு வெளியே ஏற்றிப்போக வேண்டுமென்றால் நில உரிமையாளரே பெர்மிட் எடுக்க வேண்டும். தன் நிலத்துக் கல்லை லோரியில் ஏற்றிவிட்டு நில அலுவலகத்தில் கைகட்டி நின்ற முதலாளிகள் உண்டு.

சரி, எலும்பு கனிமமா, பாறையா? கோடிக்கணக்கான ஆண்டுகளில் அதன் உயிர்ப்பொருள் போய்க் கல்தன்மை ஏறிவிடுகிறது என்பதால் வாதம் இரண்டு பக்கமும் ஓடும். அமெரிக்காவில் மொந்தானா மாநிலத்தில் இதே சண்டை நடந்தது. 2006இல் ஒரு பண்ணையில் இரண்டு டைனோசர்கள் ஒன்றாகப் புதைந்த நிலையில் கிடைத்தன. மேல்நிலம் ஒருவரிடம், கனிம உரிமையில் பெரும்பங்கு இன்னொருவரிடம். எலும்பு கனிமம் என்றால் பணம் ஒரு பக்கம் போகும், இல்லையென்றால் மறுபக்கம். 2020இல்தான் அந்த மாநில உச்ச நீதிமன்றம் எலும்பு கனிமம் ஆகாது என்று முடித்தது. அந்த வாதத்துக்குள் நாம் போகத் தேவையில்லை. அங்கே முதல் கேள்வி நிலம் யாருடையது என்பது. இங்கே சட்டம் நேராகப் பொருளையே பிடித்துக்கொள்கிறது.

2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம், 645ஆவது சட்டம், நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மேனேஜரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். குறைந்தது 100 ஆண்டு பழையது என்று நியாயமாக நம்பக்கூடிய மனித, தாவர, விலங்கு எச்சம் எதுவும் அதில் தொல்பொருளாகக் கொள்ளப்படுகிறது. டைனோசர் அந்த 100 ஆண்டை எளிதாகத் தாண்டிவிடும். உங்களிடம் இருப்பது டைனோசரா, பழைய முதலையா, கல்லாகிப்போன மரக்கட்டையா என்று எனக்குத் தெரியாது. இந்தச் சட்டத்துக்கும் அது முக்கியமில்லை. மரக்கட்டையென்றால் தாவர எச்சம், அவ்வளவுதான்.

அதே சட்டத்தின் 47ஆவது பிரிவு, பாரம்பரிய மதிப்புள்ளது என்று நம்பக் காரணம் இருக்கும் பொருளைக் கண்டெடுப்பவர் உடனடியாகப் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும், முடிந்தால் பொருளையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. தோட்ட ஆபீசில் வைக்கச் சொல்லவில்லை. ஆக வெள்ளிக்கிழமை கெடுவுக்குப் பயந்து மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தீர்களானால், உங்கள் கடமையும் தீராது, எலும்பும் எங்கே போகுமோ தெரியாது. மரியாதையாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: "பொருளைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் ஒப்படைக்கிறேன், கடிதத்தின் நகல் உங்களுக்கும் தருகிறேன்." இதற்கு மேல் வாக்குவாதம் வேண்டாம்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. "உடனடியாக" என்று சட்டம் சொல்லும்போது நான்கு மாதம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தது எப்படி? இங்கே ஒரு சொல் உங்களுக்குத் துணை வரும்: நம்பக் காரணம் இருந்தது எப்போது? தேதிவாரியாக யோசியுங்கள். எடுத்த நாளில் அது எலும்பா கல்லா என்றே உங்களுக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன் ஆசிரியர் சொன்ன பிறகுதான் விஷயம் புலப்பட்டது என்றால், கடிகாரம் அங்கிருந்து ஓடத் தொடங்கியது என்று நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். எலும்பு என்று தெரியாமலா இரண்டு ஞாயிறு உளி பிடித்தீர்கள் என்று கேட்பார். நல்ல கேள்விதான். மூன்று வாரத் தாமதத்துக்கு விளக்கம் சொல்லிவிடலாம், அது நான்கு வாரமானால் கடினம், ரிப்போர்ட் விழுந்த பிறகு இன்னும் கடினம். தானாக வந்து கொடுத்தவன், பிடிபட்டுக் கொடுத்தவன் என்ற வித்தியாசம் எந்த அலுவலகத்திலும் எடுபடும்.

தோண்டியது தனி விஷயம். சரிந்த மண்ணில் கிடந்ததைப் பார்ப்பது ஒன்று, பாறைக்குள் இருப்பதை உளியால் வெட்டி எடுப்பது வேறு. தொல்பொருள் தேடி அகழ்வதற்கு ஆணையரின் உரிமம் வேண்டும். ஒரு துண்டை எடுத்தாயிற்று, அதை மாற்ற முடியாது. மிச்சத்தை எடுத்தால் இதுவரை சொன்ன நல்லெண்ணக் கதை முழுவதும் உடையும். சட்டத்தை விடுங்கள், எலும்பு எந்த அடுக்கில், எந்தத் திசையில் கிடந்தது என்பதை வைத்துத்தான் நிலவியலாளர் அதன் வயதையும் அந்தக் காலத்து ஆற்றையும் கணக்கிடுகிறார். அடுக்கைக் கலைத்தால் மிஞ்சுவது அலமாரிக் கல். 2012இல் பகாங் உள்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழகக் குழு ஜப்பானிய ஆய்வாளர்களோடு தேடி நாட்டின் முதல் டைனோசர் எச்சத்தை எடுத்தது. ஸ்பைனோசாரிட் வகையின் பல், நீளம் 23 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் நகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2014இல்தான் வெளியே சொன்னார்கள், இடத்தை அப்போதும் சொல்லவில்லை. உங்களைப் போல உளியோடு கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்துதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதனால்தான் முகநூல் படத்தை எடுக்கச் சொன்னேன். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடத்தின் ஆயத்தொலைவு பதிந்திருக்கக்கூடும். அதே படம் உங்களுக்கு நல்ல சாட்சி. அசல் படங்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். எடுத்த இடம் எது என்பதில்தான் உங்கள் தலையெழுத்தே இருக்கிறது.

ஏன் என்றால், "கடைசித் தீம்பாருக்குப் பின்னால்" என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்து எல்லைக்கல் அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் ஹுத்தான் சிம்பானாக, அதாவது அரசின் ஒதுக்கீட்டுக் காடாக, இருந்தால் கதை மாறும். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் வன விளைபொருள் என்பது மரமும் பிரம்பும் மட்டும் அல்ல. நிரந்தரக் காட்டு ஒதுக்கீட்டில் எடுக்கும் பாறையும் அதில் வரும். மரத்திருடனைப் பிடிக்க எழுதிய சட்டம், தண்டனை கனமானது, சுத்தியல் பிடித்த பையனையும் அது விடாது. எல்லையை நீங்களாக நடந்துபோய்ப் பார்க்காதீர்கள். படத்தில் உள்ள புள்ளியை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலோடு நில அலுவலகத்தில் கேளுங்கள். காட்டுக்குள் விழுந்தால், மாவட்ட அதிகாரியைப் பார்ப்பதற்கு முன் என்னையோ வேறு வக்கீலையோ பாருங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் என்றால் அந்தப் பயம் இல்லை.

மேனேஜர் சொன்னதில் சரியான பாதி இதுதான்: அது அவர்கள் கையில் இருக்கும் நிலம். வேலை நேரத்துக்கு வெளியே, கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு அனுமதியில்லாமல் நுழைந்து தோண்டியது அத்துமீறல். அது குற்றமாக வேண்டுமென்றால் தண்டனைச் சட்டம் குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணம் இருந்ததா என்று பார்க்கும். சும்மா நடந்து போனதற்கு அது வராது. உளிக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

வேலை விஷயம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பதில் எழுதிக் கொடுங்கள், வாய்ச்சொல்லில் விடாதீர்கள். உள்விசாரணை வைக்காமல் ஒழுங்கு மீறல் என்று நிறுத்தினால் கேள்வி கேட்கலாம். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் இன்றைக்கே சொல்லி வையுங்கள். நீக்கிவிட்டால், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டப்படி முறையிட 60 நாள்தான். 61ஆவது நாள் வந்து என் கதவைத் தட்டியவர்கள் இருக்கிறார்கள். தட்டிப் பயனில்லை.

இனி அந்த 8,000 வெள்ளி. விற்கக்கூடாது, அவ்வளவுதான். சிங்கப்பூர் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பாரம்பரியப் பொருளை உரிமம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்புவது தனிக் குற்றம். ஜொகூர் பாலத்தில் பை திறந்தால் வாங்குபவர் போய்விடுவார், பை உங்கள் கூட்டாளி கையில் இருக்கும். வந்த 500 வெள்ளியை எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பி, "விற்பனை இல்லை, முன்பணம் திருப்பப்பட்டது" என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவில் விற்கிறார்களே என்று உங்கள் கூட்டாளி கேட்பார். "சூ" என்ற டைரனோசர் அங்கே 1997இல் 83 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது உண்மை. அதற்கு முந்தைய கதையையும் சொல்லுங்கள். 1990இல் தென் டகோட்டாவில் ஒரு பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தில் எலும்பு கிடைத்தது. எடுத்த நிறுவனம் நிலக்காரருக்கு 5,000 டாலர் கொடுத்தது. நிலத்தை அரசு அறங்காவலில் வைத்திருந்ததால் அந்த விற்பனை செல்லாது என்றாகி, 1992இல் எஃப்.பி.ஐ. வந்து பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனது. தோண்டிச் சுத்தம் செய்தவர்களுக்கு அந்த ஏலத்தில் ஒரு சென்ட் இல்லை.

போலீஸ் அழைத்தால் போங்கள், தனியாகப் போகாதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவில் வாக்குமூலம் எடுப்பார்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். பொய் சொல்வதற்கு உரிமை இல்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், கைதாகும் நிலையில் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

சிறைக்குப் போவோமா என்று கேட்டீர்கள். இடம் எல்லைக்கு இந்தப் பக்கம், விற்பனை நடக்கவில்லை, தானாக ஒப்படைத்தீர்கள் என்றால் அதுவரை போகும் என்று நான் நினைக்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்.

திங்கட்கிழமை காலை, எல்லை விஷயம் தெளிவான பிறகு, ஜெராண்டுட் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். எலும்பைப் பழைய துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில், அசையாதபடி வைத்து எடுத்துச் செல்லுங்கள். உதிர்ந்த துணுக்குகளைத் தனிப் பையில் போடுங்கள். மலாயில் ஒரு பக்கக் கடிதம், இரண்டு பிரதி: எந்தத் தேதியில், எந்த இடத்தில், எப்படிப் பார்த்தோம், எவ்வளவு எடுத்தோம், உள்ளே எவ்வளவு இருக்கிறது. கனிம, நிலவியல் துறை வந்து பார்க்கவும் வேண்டுகோள் வையுங்கள். கண்டெடுத்தவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா என்பதையும் கடைசி வரியில் கேட்டுவிடலாம், கேட்பதில் தப்பில்லை. பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலம் ஒப்புகை கேளுங்கள். அதோடு உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரையும் வாங்குங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு இது புதிதாக இருக்கும், எந்த மேசைக்கு அனுப்புவது என்று தெரியாமல் நாளைக்கு வா என்பார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

கடிதத்தில் நான்கு பேர் பெயரையும் எழுதுங்கள். முன்பணம் வாங்கியவரையும் விட்டுவிடாதீர்கள்.