திருத்தக் குறிகளோடு இருக்கும் வேர்ட் கோப்புகளைப் பல வருஷத்துக்கு எப்படிப் பத்திரப்படுத்துவது?

கேட்டவர் தண்டையார்பேட்டையில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். துணைவிதிகளை வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் போட்டு, அதாவது சேர்த்ததும் நீக்கியதும் குறியோடு தெரிகிற மாதிரி, திருத்தியிருக்கிறார்கள். சுத்தப் பிரதி பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. யார் எந்த வரியை மாற்றினார் என்பது இருபது வருஷம் கழித்தும் தெரிய வேண்டுமாம். கோப்பை அப்படியே வைப்பதா, பி.டி.எஃப். ஆக்குவதா, பிரிண்ட் எடுத்தால் போதாதா என்று கேட்கிறார்.

இரண்டு கோப்பும் வேண்டும். திருத்தங்களை ஏற்காத, நிராகரிக்காத மூல டாக்எக்ஸ், அதாவது வேர்ட் கோப்பு, ஒன்று. திருத்தங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எடுத்த பி.டி.எஃப். ஒன்று. முதலாவது சாட்சி, இரண்டாவது படிப்பதற்கு. ஆனால் கோப்பு வகையைப் பற்றி எல்லோரும் படுகிற கவலையில் பாதியைக்கூட யாரும் பெயரைப் பற்றிப் படுவதில்லை. முதலில் பயனற்றுப் போவது அதுதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஹவுசிங் போர்டு குடியிருப்புகள், காசிமேட்டுப் படகுக்காரர்கள், திருவிழாக் கமிட்டிகள் என்று சங்கக் காகிதங்கள் நிறைய வரும். வருகிற கோப்புகளில் ஏதாவது ஒரு திருத்தத்தின் மேல் மவுஸை வைத்துப் பார்த்தால் பெயர் என்ன தெரியுமா? 'அட்மின்'. இல்லையென்றால் 'யூசர்'. இல்லையென்றால் கம்ப்யூட்டர் கம்பெனியின் பெயர். தலைவர் சொல்லச் சொல்லக் கடைப் பையன் அடித்திருப்பான், பொருளாளர் மறுநாள் வந்து அதே கம்ப்யூட்டரில் மாற்றச் சொல்லியிருப்பார். வேர்டுக்கு எல்லாம் ஒரே ஆள். சந்தாவை ஏற்றியவரும் அதை எதிர்த்துக் குறைத்தவரும் ஒரே நிறத்தில், ஒரே பெயரில் நிற்பார்கள். இந்தக் கோப்பை நூறு வருஷம் வைத்தாலும் 'யார்' என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

இனிமேல் திருத்துவதற்கு முன்னால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல் போய் யூசர் நேமில் திருத்துகிறவரின் பெயரைப் போட்டுவிடுங்கள். ஆபீஸ் கணக்கில் உள்நுழைந்திருந்தால் பக்கத்திலேயே, எப்போதும் இந்தப் பெயரையே பயன்படுத்து என்று சொல்கிற ஒரு டிக் இருக்கும், அதையும் போட வேண்டும். அப்புறம் வருகிற திருத்தங்களுக்குத்தான் இது. பழையவை பழைய பெயரிலேயே இருக்கும். உங்கள் கோப்பு ஏற்கெனவே 'அட்மின்' மயமாக இருந்தால், சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடும் ஞாபகத்தோடும் இருக்கும்போதே ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வையுங்கள்: இந்தத் தேதியில் வந்த திருத்தங்கள் பொருளாளர் சொன்னவை, ஏழாம் விதியில் இருப்பவை பொதுக்குழுவில் வந்தவை, இப்படி. பெரிய ஆவணமெல்லாம் வேண்டாம், அரைப் பக்கம் போதும்.

இன்னொரு ஆபத்து நல்லெண்ணத்தோடு வரும். வெளியே அனுப்புவதற்கு முன் தனிப்பட்ட விவரங்களை நீக்கச் சொல்லி வேர்டில் 'டாகுமென்ட் இன்ஸ்பெக்டர்' இருக்கிறது. அதை ஓட்டி, தனிப்பட்ட விவரங்களை நீக்கச் சொல்லிச் சேமித்தால் எல்லாப் பெயரும் 'ஆத்தர்' என்று ஆகிவிடும். மூலப் பிரதியில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, கோப்புக்கு வருவோம். டாக்எக்ஸ் என்பது ஒரு ஜிப் மூட்டை. ஒரு நகல் எடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே 'வேர்ட்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'டாகுமென்ட்' என்ற எக்ஸ்.எம்.எல். கோப்பு. நோட்பேடில்கூடத் திறக்கும். சேர்த்த சொற்களைச் சுற்றி 'இன்ஸ்' என்ற குறி, நீக்கிய சொற்களைச் சுற்றி 'டெல்' என்ற குறி, ஒவ்வொன்றோடும் பெயரும் தேதியும் நேரமும். நீக்கிய சொல் எங்கும் போகவில்லை, அங்கேயே எழுத்தாக இருக்கிறது. வேர்ட் என்ற மென்பொருளே இல்லாமல் போனாலும் இதைப் படித்துவிடலாம் என்பதால்தான் டாக்எக்ஸை வைக்கச் சொல்கிறேன். 2006-ல் எக்மா என்ற தர அமைப்பின் தரமாகவும் 2008-ல் உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 29500 ஆகவும் இதன் அமைப்பு வெளியிடப்பட்டது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் பயன்படுத்தும் ஓ.டி.எஃப். என்ற கோப்பு வகை அதற்கும் முன்பே, 2006-லேயே ஐ.எஸ்.ஓ. 26300 ஆனது. அதுவும் நல்ல வகைதான். ஆனால் எதில் திருத்தினீர்களோ அதிலேயே மூலத்தை வையுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது சாதாரணச் சேர்ப்பும் நீக்கமும் பெரும்பாலும் தப்பித்துவிடும். அட்டவணை வரிசைகளில் செய்த மாற்றம், பத்தியை இடம் மாற்றியது, எழுத்து வடிவை மாற்றியது இவையெல்லாம் உருமாற வாய்ப்பு உண்டு.

நேரத்தில் ஒரு சின்ன வில்லங்கம். வேர்ட் வெகுகாலமாக நம் கம்ப்யூட்டரின் உள்ளூர் நேரத்தையே எழுதிவிட்டு, அதன் முடிவில் கிரீன்விச் நேரம் என்று பொருள்படும் குறியையும் போட்டுவைக்கும். வேறு மென்பொருள் அதை நம்பி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் ராத்திரி எட்டு மணித் திருத்தம் மறுநாள் தேதிக்குப் போய்விடும். தீர்மானம் போட்ட தேதிக்கு முன்னா பின்னா என்று சண்டை வரும் இடத்தில் இது பெரிய விஷயம். அந்த அரைப் பக்கக் குறிப்பில் 'நேரமெல்லாம் இந்திய நேரம்' என்று ஒரு வரி சேருங்கள்.

கோப்புக்கு பாஸ்வேர்ட் போட்டு வைக்காதீர்கள். போட்டால் அது பிரிக்கக்கூடிய ஜிப் மூட்டையாகவே இருக்காது, மேலே சொன்ன நோட்பேட் வழியும் அடைபட்டுவிடும். செயலாளர் மாறும்போது சாவிக்கொத்து கைமாறும், பாஸ்வேர்ட் கைமாறாது. அதற்குப் பதில் கோப்பை 'ரீட் ஒன்லி' ஆக்குங்கள்.

இப்போது தமிழுக்கே உரிய தொல்லை. உங்கள் பழைய துணைவிதி பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம், நம் பக்கத்தில் இன்னமும் அது ஓடுகிறது. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது கோப்புக்குள் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் நோட்பேட் இருந்து என்ன, ஐ.எஸ்.ஓ. இருந்து என்ன? எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றலாம் என்று கன்வெர்ட்டரில் காப்பி பேஸ்ட் செய்தால் எழுத்து மட்டும் வரும், திருத்தக் குறி ஒன்றும் வராது. ஆகவே பழைய கோப்பை மாற்றாமல் வைத்து, அந்த எழுத்துருக் கோப்பையும் பக்கத்திலேயே போட்டு, பி.டி.எஃப். கட்டாயம் எடுங்கள். யூனிகோடு நகல் தேடிப் படிக்க உதவும், ஆனால் அதை மூலம் என்று சொல்லாதீர்கள்.

யூனிகோடில் அடித்தாலும் ஒன்று கவனிக்கணும். 'வருவார்' என்பதை 'வருவர்' ஆக்க நடுவில் பேக்ஸ்பேஸ் தட்டினால் நீக்கத்துக்குள் போவது ஒரு துணைக்கால் மட்டும். தனியாக எடுத்துப் பார்த்தால் புள்ளி வட்டத்துக்குப் பக்கத்தில் அது அநாதையாக நிற்கும். இருபது வருஷம் கழித்து வருகிறவருக்கு அது என்ன புரியும்? சொல்லை டபுள் கிளிக் செய்து முழுச் சொல்லாக மாற்றி அடித்தால் பழைய சொல்லும் புதிய சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் முழுசாகத் தெரியும்.

பி.டி.எஃப். எடுக்கும்போது ரிவ்யூ பட்டையில் 'ஆல் மார்க்அப்' இருக்கிறதா பாருங்கள். 'நோ மார்க்அப்' என்பது ஒளித்துவைப்பது, அழிப்பது அல்ல. ஆனால் அந்த நிலையில் எடுத்த பி.டி.எஃப்.பில் திருத்தமே இருக்காது. சேமிக்கும் பெட்டியில் ஆப்ஷன்ஸ் அழுத்தினால் மார்க்அப்போடு வெளியிடச் சொல்லும் தேர்வும், பி.டி.எஃப்./ஏ என்ற தேர்வும் இருக்கும். இந்த ஏ வகை 2005-ல் நெடுங்காலச் சேமிப்புக்கென்றே வந்த ஐ.எஸ்.ஓ. 19005 தரம். எழுத்துருக்களைத் தனக்குள்ளேயே புதைத்துக்கொள்ளச் சொல்கிறது. பாமினிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2012-ல் வந்த அதன் மூன்றாம் பகுதியில் எந்தக் கோப்பையும் இணைப்பாக உள்ளே வைக்கலாம், மூல டாக்எக்ஸையே வைத்து ஒரே கோப்பாக்கிவிடலாம். வசதிதான், ஆனால் உள்ளே ஒரு கோப்பு இருப்பது அடுத்த செயலாளருக்குத் தெரியாமலே போகலாம். நான் தனித்தனியாகவே வைப்பேன்.

திருத்தும் ஒவ்வொரு கட்டத்திலும் தேதி போட்ட சுத்தப் பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள். குறிகள் எப்படியாவது தொலைந்தாலும் வேர்டின் 'கம்பேர்' இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு என்ன மாறியது என்று காட்டிவிடும். யார், எப்போது என்பது மட்டும் திரும்பி வராது. கூகுள் டாக்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு: 'சஜஷன்' என்று போட்டவை டாக்எக்ஸாக இறக்கும்போது ட்ராக் சேஞ்சஸாக வரும், வெர்ஷன் ஹிஸ்டரி வராது.

எல்லாப் பிரதியும் ஒரே தெருவில் இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததும், எண்ணூர்ப் பக்கம் எண்ணெயோடு வந்ததும் உங்களுக்கே தெரியும். பென் டிரைவ் ஒன்று உங்களிடம், ஹார்ட் டிஸ்க் ஒன்று தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ இருக்கிற ஒரு உறுப்பினரிடம், ஒன்று கிளவுடில். வருஷத்துக்கு ஒருமுறை, பொதுக்குழு நாளன்று, மூன்றும் திறக்கிறதா என்று பாருங்கள். நகலைத் திறந்து பாருங்கள், மூலத்தை அல்ல. வேர்டில் திறந்து தெரியாமல் சேவ் கொடுத்தாலே கோப்பு கொஞ்சம் மாறிவிடும்.

பிரிண்ட் மட்டும் போதுமா என்றால், போதாது, ஆனால் வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் யாருடைய நிறம் எது என்பது போய்விடும். ஓரத்துக் கட்டங்களில் வரும் நீளமான கருத்துகள் பாதியில் வெட்டுப்படும். பிரிண்ட் அமைப்பில் 'லிஸ்ட் ஆஃப் மார்க்அப்' என்று ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கண்டதே இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் துணைவிதியை விட்டுவிட்டு, திருத்தங்களை மட்டும் பெயரோடு வரிசையாக அச்சடிக்கும். 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி துணைவிதியை மாற்றச் சிறப்புத் தீர்மானம் போட்டிருப்பீர்கள் அல்லவா? அந்தப் பட்டியலை லேசர் பிரிண்டரில் எடுத்து, அதே தீர்மானம் இருக்கிற மினிட் புத்தகத்தின் பக்கத்தில் ஒட்டி, தலைவரும் நீங்களும் குறுக்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.