டி_கனெக்ட் மைனஸ் ஒன்று தந்தால்: கேள்வியும் பதிலும்

சி மொழியில் நெட்வொர்க் இணைப்பு ஏற்படுத்துவது பற்றி, முக்கியமாக அதற்கான பழைய யூனிக்ஸ் ஃபங்ஷன் தொகுப்பான டிரான்ஸ்போர்ட் லேயர் இன்டர்ஃபேஸ் எனப்படும் டிஎல்ஐ பற்றி, வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் ஓடும் பழைய சர்வர்களைப் பராமரிப்பவர்களும், அதில் ஓடும் நிரல்களை லினக்ஸுக்கு மாற்றுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருஷக்கணக்காகியிருக்கும், கையில் ஆவணமும் இருக்காது. அப்படி மாட்டிக்கொண்டவர்களை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

கிண்டியில் படிக்கும் மாணவர்: எங்கள் பாடத்தில் சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது. டிஎல்ஐ என்று ஒன்று எதற்காக வந்தது, சார்?

நிரல்கள் நெட்வொர்க்கில் பேச இன்று எங்கும் பயன்படும் சாக்கெட் 1983-ல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது. ஏடி அண்டு டி நிறுவனம் தன் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் மூன்றாம் வெளியீட்டில், 1986-87 வாக்கில், டிஎல்ஐயைக் கொண்டுவந்தது. இன்றைய இணையம் ஓடும் டிசிபி/ஐபி வெல்லுமா, அதற்குப் போட்டியான ஓஎஸ்ஐ வெல்லுமா என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அதனால் கீழே எந்த புரோட்டோகால், அதாவது தகவல் பரிமாற்ற விதிமுறை, ஓடினாலும் மேலே நிரல் மாறக்கூடாது என்று யோசித்து வடிவமைத்தார்கள். பிறகு எக்ஸ்/ஓப்பன் அமைப்பு இதைச் சற்றுத் திருத்தி எக்ஸ்டிஐ என்று தரப்படுத்தியது. டிசிபி/ஐபி வென்றது, சாக்கெட் எங்கும் பரவியது. 2001-ல் வந்த, யூனிக்ஸுக்கான பொதுத் தரநிலையான சிங்கிள் யூனிக்ஸ் ஸ்பெசிஃபிகேஷனின் மூன்றாம் பதிப்பில் எக்ஸ்டிஐக்கு இடமில்லை. ஆனாலும் அதன் வடிவமைப்பில் உள்ள யோசனை நல்ல யோசனை என்பது என் கருத்து. கீழே வரும் பதில்களில் அது தெரியும்.

சோழிங்கநல்லூரிலிருந்து: கிளையண்ட் பக்கத்தில் ஒரு இணைப்புக்கு என்னென்ன கூப்பிட வேண்டும்? வரிசை குழப்பமாக இருக்கிறது.

முதலில், இணைப்பில் நம் பக்கத்து முனையான எண்ட்பாயின்ட்டைத் திறக்கும் டி_ஓப்பன். சாக்கெட்டில் குடும்பம், வகை என்று எண்களைக் கொடுப்போம். இங்கே ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் டிசிபி என்ற சாதனத்தின் பெயரையே கொடுக்கிறோம். அடுத்தது, அந்த முனைக்கு ஒரு முகவரி தரும் டி_பைண்ட். கிளையண்டுக்கு எந்த போர்ட் எண் கிடைத்தாலும் சரிதான் என்பதால், கேட்கும் முகவரி, கிடைக்கும் முகவரி என்ற இரண்டு இடத்திலும் நல் என்ற வெற்று மதிப்பைக் கொடுத்துவிடலாம். ஆனால் இந்த அழைப்பையே விட்டுவிடக்கூடாது. சாக்கெட்டில் பைண்ட் செய்யாமல் கனெக்ட் போட்டால் இயங்குதளத்தின் மையமான கெர்னலே ஒரு போர்ட்டைத் தந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இங்கே வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

அப்புறம் டி_அலாக் மூலம் டி_கால் கட்டமைப்பு ஒன்றை வாங்கி, அதற்குள் இருக்கும் முகவரிப் பகுதியில் சர்வரின் முகவரியை வையுங்கள். இந்தப் பகுதியின் வகை நெட்பஃப். அதில் மூன்று உறுப்புகள்: மேக்ஸ்லென், லென், பஃப். நாம் அனுப்பும்போது லென் சரியாக இருக்க வேண்டும், ஐபிவி4 முகவரிக்கு 16 பைட். நாம் பெறும்போது மேக்ஸ்லென் போதுமானதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இடம் போதவில்லை என்று பிழை வரும். டி_அலாக் மேக்ஸ்லென்னை அதுவே நிரப்பிவிடும் என்பதால், நினைவகம் ஒதுக்கும் வழக்கமான மேலாக்கை விட இதைத்தான் பரிந்துரைப்பேன். கடைசியாக, இணைப்பைக் கோரும் டி_கனெக்ட். எந்த அழைப்பு தோற்றாலும் மைனஸ் ஒன்று வரும்.

அம்பத்தூரிலிருந்து: டி_கனெக்ட் மைனஸ் ஒன்று தருகிறது. பிழைச் செய்தியை அச்சிடும் டி_எரர் போட்டால் "ஒரு நிகழ்வைக் கவனிக்க வேண்டும்" என்ற மாதிரி ஒரு வரி வருகிறது. என்ன நிகழ்வு என்று எங்கும் இல்லை. இரண்டு நாளாகத் தேடுகிறேன், அண்ணா.

தம்பி, இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் டிஎல்ஐயில் பாதி முடிந்தது.

உங்களுக்கு வந்திருப்பது டிலுக் என்ற பிழை எண். இணைப்பு ஏன் கிடைக்கவில்லை என்பதை அது சொல்லாது. "உனக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது, போய்ப் பார்" என்பதோடு சரி. செய்தியைப் பார்க்க டி_லுக் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். உங்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் டி_டிஸ்கனெக்ட் என்ற நிகழ்வைத் திருப்பித் தரும், அதாவது எதிர்ப்பக்கம் மறுத்துவிட்டது. காரணத்தைக் கையில் வாங்க டி_ஆர்சிவிடிஸ். அது நிரப்பித் தரும் கட்டமைப்பில் ரீசன் என்று ஒரு எண் இருக்கும். சோலாரிஸில் 146 என்று வந்தால் கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு, அந்த போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. லினக்ஸில் அதே பிழைக்கு 111. அதனால் எண்ணை நிரலில் நேராக எழுதாமல் ஈகான்ரெஃப்யூஸ்டு என்ற மேக்ரோ பெயரையே எழுதுங்கள்.

டி_ஆர்சிவிடிஸ் கூப்பிடாமல் விட்டால் அந்த நிகழ்வு அங்கேயே நிற்கும், மறுபடி டி_கனெக்ட் போட்டாலும் வேலைக்கு ஆகாது. கூப்பிட்டுவிட்டால் எண்ட்பாயின்ட் பழையபடி ஐடில் நிலைக்கு வரும், அதே டிஸ்கிரிப்டரில் திரும்ப முயலலாம். சாக்கெட்டில் இந்த வசதியை நம்ப முடியாது. கனெக்ட் தோற்றால் அந்த சாக்கெட்டை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறப்பதுதான் எல்லாக் கணினியிலும் செல்லும் வழி.

பெருங்குடியிலிருந்து: எங்கள் சர்வர் சோதனையில் ஒழுங்காக ஓடுகிறது. காலையில் எல்லோரும் லாகின் செய்யும்போது மட்டும் டி_அக்செப்ட் தோற்றுப்போய் நிரல் நின்றுவிடுகிறது.

டி_பைண்ட் செய்யும்போது க்யூலென், அதாவது ஒரே நேரத்தில் காத்திருக்கக்கூடிய கோரிக்கைகளின் எண்ணிக்கை, எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாக்கெட்டில் அக்செப்ட் ஒரே அழைப்பு. இங்கே அது இரண்டு படி. டி_லிசன் ஒரு கோரிக்கையை எடுத்துக் கொடுக்கும். நாம் புதிதாக ஒரு எண்ட்பாயின்ட்டைத் திறந்து, பைண்ட் செய்து, டி_அக்செப்ட் மூலம் இணைப்பை அதற்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு படிக்கும் நடுவில் இன்னொருவர் வந்துவிட்டால், காத்திருக்கும் அந்தக் கோரிக்கையைக் கவனிக்காமல் டி_அக்செப்ட் நகராது. டிலுக் தந்து தோற்கும். சோதனையில் ஒருவர் மட்டும் இணைவதால் இது கண்ணில் படாது. காலை நெரிசலில் உடனே படும்.

தீர்வு இதுதான். க்யூலென் அளவுக்கு டி_கால் கட்டமைப்புகளை ஒரு அணியாக வைத்துக்கொள்ளுங்கள். டி_அக்செப்ட் டிலுக் தந்தால் டி_லுக் கேளுங்கள். டி_லிசன் நிகழ்வு என்றால் டி_லிசன் கூப்பிட்டு அந்தக் கோரிக்கையையும் அணியில் சேர்த்துவிட்டு, மறுபடி அக்செப்டுக்கு வாருங்கள். டி_டிஸ்கனெக்ட் என்றால் காத்திருந்தவர் பொறுமை இழந்து போய்விட்டார். டி_ஆர்சிவிடிஸ் தரும் சீக்வென்ஸ் எண்ணை அணியில் தேடி அவரை நீக்குங்கள். இந்த இரண்டாவது கிளையைப் பலர் எழுதாமல் விடுகிறார்கள். எழுதாத நிரல் என்றைக்காவது ஒரு நாள் நிற்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். பழைய டிஎல்ஐயில் நீங்கள் கேட்ட முகவரி காலியாக இல்லையென்றால் டி_பைண்ட் வேறொரு முகவரியைக் கொடுத்துவிட்டு வெற்றி என்று சொல்லிவிடும். திரும்பி வரும் முகவரியைக் கேட்டதோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். எக்ஸ்டிஐயில் இதைத் திருத்தி, முகவரி பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை தரும்படி மாற்றினார்கள்.

வேளச்சேரியிலிருந்து: தரவை அனுப்ப, பெற டி_எஸ்என்டி, டி_ஆர்சிவி வேண்டாம், ரீட், ரைட் போதும் என்றால்?

இணைப்பு கிடைத்த பிறகு ஐஆக்டில் என்ற அழைப்பு மூலம் டிஐஆர்டிடபிள்யூஆர் என்ற ஸ்ட்ரீம்ஸ் மாட்யூலை, அதாவது இணைப்பின் மேல் செருகும் ஒரு கெர்னல் பகுதியை, புஷ் செய்யுங்கள். அது மேலே இருக்கும்வரை டிஎல்ஐ அழைப்புகள் எதுவும் செல்லாது, நினைவிருக்கட்டும்.

தரமணியிலிருந்து: ஸ்பார்க் சிப் உள்ள மெஷினில் பல வருடம் ஓடிய நிரலை இன்டெல் மெஷினுக்கு மாற்றினோம். போர்ட் 9000-ல் இருக்கும் சர்வரோடு சேரவே மாட்டேன் என்கிறது.

நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பாருங்கள். 10275-க்குப் போகிறதா? போனால், எண்ணை நெட்வொர்க்கின் பைட் வரிசைக்கு மாற்றும் எச்டுஎன்எஸ் விடுபட்டிருக்கிறது. 9000 பதினாறடிமானத்தில் 2328, பைட் இரண்டும் இடம் மாறினால் 2823, அதுதான் 10275. ஸ்பார்க்கின் பைட் வரிசையும் நெட்வொர்க்கின் வரிசையும் ஒன்றே என்பதால் இத்தனை வருடம் தப்பு வெளியே தெரியவில்லை. போர்ட்டோடு நிறுத்தாதீர்கள். செய்தியின் நீளத்தை முழு எண்ணாக அனுப்பும் இடங்களிலும் இதே தப்பு இருக்கும்.

சிறுசேரியிலிருந்து: லினக்ஸில் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டோம். சர்வர் அணைந்திருந்தால் கனெக்ட் இரண்டு நிமிடம் தொங்குகிறது. எப்படிக் குறைப்பது?

மெஷின் ஓடி, போர்ட் மட்டும் மூடியிருந்தால் மறுப்பு உடனே வரும். மெஷினே அணைந்திருந்தாலோ, நடுவில் ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கினாலோ பதிலே வராது. கெர்னல் 1, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி ஆறு முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். கடைசிக் காத்திருப்பு 64 விநாடியும் சேர்த்து மொத்தம் 127 விநாடி, நீங்கள் சொல்லும் இரண்டு நிமிடம் அதுதான். புதிய கெர்னல்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது.

சாக்கெட்டை நான்-பிளாக்கிங் ஆக்கி, அதாவது அழைப்பு காத்திருக்காமல் உடனே திரும்பும்படி செய்து, கனெக்ட் போடுங்கள். முயற்சி இன்னும் நடக்கிறது என்று பொருள்படும் இன்ப்ராக்ரஸ் வந்தால், போல் (poll) என்ற அழைப்பில் ஐந்து விநாடி காத்திருங்கள். எழுதத் தயார் என்று வந்ததும் இணைப்பு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோற்றாலும் அதே சமிக்ஞைதான் வரும். கெட்சாக்ஆப்ட் கொண்டு, சாக்கெட்டில் தங்கியிருக்கும் பிழை எண்ணான எஸ்ஓ_எரர் கேளுங்கள், பூஜ்யம் வந்தால்தான் இணைப்பு.

டிஎல்ஐயில் டி_கனெக்ட், டி_லுக், டி_ஆர்சிவிடிஸ் என்று மூன்று அழைப்பாக இருந்த இடத்தை ஒரே கனெக்டாகச் சுருக்கும்போது, இந்த எஸ்ஓ_எரர் வரியும் சேர்ந்து தொலைந்திருக்கிறதா என்று உங்கள் மாற்றத்தில் முதலில் தேடுங்கள்.