பார்கோடு லேபிள்: கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தெர்மல் பிரிண்டரில் அடித்த லேபிள் பாதி நேரம் ஸ்கேன் ஆவதில்லை. ஸ்கேனரை மாற்றலாமா?

மாற்றாதீர்கள், கோளாறு லேபிளில்தான். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் ஒரு புள்ளி 0.125 மி.மீ. பார்கோடு படத்தை மவுஸால் இழுத்துச் சுருக்கினால், ஒரே அகலத்தில் இருக்க வேண்டிய கோடுகளில் சில 2 புள்ளி, சில 3 புள்ளி என்று விழும். கோட்டு அகலத்தை சாஃப்ட்வேரில் எண்ணாகவே கொடுங்கள். சரக்குகளில் வரும் 13 இலக்க பார்கோடான இஏஎன்-13-க்கு 3 புள்ளி, அதாவது 0.375 மி.மீ. இடப்பக்கம் அதைப்போல் 11 மடங்கும் வலப்பக்கம் 7 மடங்கும் வெற்றிடம் விடவேண்டும். எல்லாம் சேர்த்து 42 மி.மீ.க்குச் சற்று மேல் வரும், 38 மி.மீ. லேபிளில் அடங்காது, 50 வாங்குங்கள். வெற்றிடத்தில் கடைப் பெயரை அடிக்காதீர்கள்.

கேள்வி: லேபிள் நெடுக ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது.

பிரிண்டரை அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டை (அச்சிடும் பாகத்தை) துடையுங்கள். பிறகும் விழுந்தால் ஹெட்டில் ஒரு புள்ளி செத்துவிட்டது. புது ஹெட் வரும்வரை பார்கோடை 90 டிகிரி திருப்பி அடியுங்கள். வெள்ளைக் கோடு எல்லாக் கோடுகளையும் குறுக்கே வெட்டும், ஆனால் எதையும் மெலிதாக்காது, ஸ்கேன் ஆகும்.

கேள்வி: பார்கோடு எண் 890-இல் தொடங்கினால் இந்தியத் தயாரிப்புதானே?

இல்லை. அந்த எண்ணை, பார்கோடு எண்களைத் தரும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியா வழங்கியது என்று மட்டுமே பொருள். சரக்கு எந்த நாட்டிலும் செய்யப்பட்டிருக்கலாம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் நாடுகளின் பட்டியலே வருகிறதே, எல்லாம் பொய்யா?

பட்டியல் பெரும்பாலும் சரி, அதற்குச் சொல்லும் பொருள்தான் தவறு. 479 ஜிஎஸ்1 இலங்கையுடையது. அங்கே பதிந்த நிறுவனம் வேறு நாட்டில் செய்வித்த சரக்குக்கும் அதே 479 வரும். தயாரித்த நாட்டை அறிய உறையில் அச்சிட்ட முகவரியைப் படியுங்கள்.

கேள்வி: அப்படியானால் 890 இல்லாத சரக்கு வெளிநாட்டுடையதுதானே?

அதுவும் இல்லை. மேலே சொன்னதேதான், திருப்பிப் போட்டாலும் மாறாது.

கேள்வி: விலை பார்கோடுக்குள் இருக்கிறதா?

இல்லை. உள்ளே எண் மட்டுமே. விலை உங்கள் பில்லிங் கணினியில். விதிவிலக்கு, தராசு அடிக்கும் காய்கறி லேபிள்: 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் கடைக்குள் பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை, அவற்றில் எடையையோ விலையையோ பொதிக்கலாம்.

கேள்வி: எம்ஆர்பி மாறினால் பார்கோடும் மாறுமா?

முந்தைய பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கடைசி இலக்கம் எப்படி வருகிறது?

முதல் 12 இலக்கங்கள் 210000000045 என்று வையுங்கள். இடமிருந்து எண்ணினால், ஒற்றை இடங்களின் கூட்டல் 6. இரட்டை இடங்களின் கூட்டலும் 6, அதை 3-ஆல் பெருக்கினால் 18. மொத்தம் 24. அடுத்த பத்தின் மடங்கு 30-க்கு 6 குறைகிறது. அந்த 6-தான் பதின்மூன்றாவது இலக்கம்.

கேள்வி: சிவப்புக் கோடுகள் அழகாக இருக்குமே?

பெரும்பாலான ஸ்கேனர்களின் ஒளி சிவப்பு. சிவப்புக் கோடு அதற்கு வெள்ளை. கறுப்பிலேயே அடியுங்கள், படத்தை இழுக்காமல்.