ஆறு நிறுவனங்கள் சேர்ந்தால் 'கவனிப்பு' நிற்குமா?

கேள்வி: சரக்குப் போக்குவரத்து நிறுவனம் நடத்துகிறேன். துறைமுகத்தில் 'கவனித்தால்'தான் தாள் நகர்கிறது. நான் மட்டும் நிறுத்திப் பார்த்தேன். என் பெட்டிகள் தேங்கின, போட்டியாளர்களுடையவை போய்ச் சேர்ந்தன. இப்போது இதே தொழிலில் இருக்கும் ஐந்து நிறுவனங்கள், சேர்ந்து நிறுத்தலாம் என்கின்றன. உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் போதுமா?

பதில்: போதாது. கையெழுத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு துறைமுகம், ஒரே ஒரு வகை லஞ்சப் பணம் என்று வேலையைச் சுருக்குங்கள்.

ஆறு பேரும் பேச உட்காருவதற்கு முன்பே போட்டிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கூப்பிடுங்கள். போட்டியாளர்கள் ஆறு பேர் ஓர் அறையில் கூடி விலை, வாடிக்கையாளர், டெண்டர் என்று வாய் தவறிப் பேசினாலே கார்ட்டெல் வழக்கு, அதாவது போட்டியாளர்கள் கூட்டுச் சேர்ந்து சந்தையைக் கட்டுப்படுத்தினார்கள் என்ற வழக்கு, வரலாம். லஞ்சத்தை ஒழிக்கப் போய் வேறு வழக்கில் மாட்டுவது வேடிக்கையாக இருக்காது. நிகழ்ச்சி நிரலும் கூட்டக் குறிப்பும் கட்டாயம். 'இந்த ஏஜென்ட்டை யாரும் கூப்பிடக் கூடாது' என்று கூட்டாக முடிவெடுக்க வேண்டாம். அதை அவரவர் தனித்தனியே தீர்மானிக்கட்டும்.

அடுத்தது, துறைமுகத்தில் யார் எதைக் கேட்டாலும் எழுதிவைக்கும் பதிவேடு. அது ஆறு பேரில் யாரிடமும் இருக்கக் கூடாது. கணக்குத் தணிக்கையாளர் போன்ற வெளியாள் ஒருவர் வைத்திருக்கட்டும். நிறுவனத்தின் பெயரையும் கப்பலின் பெயரையும் நீக்கிவிட்டுத்தான் அவர் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கும்: 'செவ்வாய், மாலை 4.10. ஆய்வுச் சான்று. சொன்ன காரணம்: முத்திரை தெளிவில்லை. கேட்டது: 2 கார்ட்டன் சிகரெட். மறுத்தோம். தாமதம் 6 மணி நேரம்.' கொடுத்ததை மட்டும் எழுதாமல் மறுத்ததையும் எழுதுங்கள். மறுத்தால் உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது என்பது அதில்தான் தெரியும்.

மூன்று மாதம் எழுதினால், எந்தக் கட்டத்தில் ஓர் அதிகாரியின் விருப்பம் மட்டுமே முடிவாகிறது என்பது பிடிபடும். கப்பல் நிறுவனங்கள் 2011இல் தொடங்கிய கடல்சார் ஊழல் எதிர்ப்பு வலையமைப்பு அர்ஜென்டினாவில் இதைத்தான் பிடித்தது. கப்பலில் தானியம் ஏற்றும் அறை சுத்தமா இல்லையா என்பது ஆய்வாளரின் தனி முடிவாக இருந்தது. 2017இல் அந்த விதியே மாறியது: குறுக்குச் சரிபார்ப்பு, மின்னணுப் பதிவு, தகராறு வந்தால் மேல்முறையீட்டு வழி. அதிகாரியின் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தால் ஆள் மாறுவார். ஓட்டை அப்படியே இருக்கும். நீங்களும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரே ஒரு நடைமுறை மாற்றத்தைக் கேளுங்கள்.

இனி கவுன்டரில் நிற்கும் உங்கள் எழுத்தர். அவரை வீரராக்காதீர்கள். 'கட்டணம் இருந்தால் ரசீது கொடுங்கள், இப்போதே கட்டுகிறோம்' என்ற ஒற்றை வாக்கியமும், எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும் அவரிடம் இருக்கட்டும். மறுத்ததால் வந்த தாமதத்துக்கு ஊக்கத்தொகையைப் பிடித்தால், அவர் கைக்காசைக் கொடுத்துவிட்டு 'இதர செலவு' என்று பில் போடுவார். ஏஜென்ட் பில்லிலும் இதே இரண்டு வார்த்தைகளைத்தான் தேட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ரசீது உண்டா என்று பாருங்கள். உங்கள் ஆவணங்களில் பிழை இருந்தால் மறுப்பு நிற்காது. அனுப்புமுன் இன்னொருவர் சரிபார்க்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் கொடுத்துவிடலாம்; ஆனால் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து, கணக்கில் உள்ளபடியே எழுத வேண்டும்.

யாராவது ஒருவர் சறுக்குவார். முதல் சறுக்கலிலேயே வெளியேற்றினால் அடுத்தவர் மறைப்பார். தானாக வந்து சொன்னவருக்குத் திருத்த அவகாசம், மறைத்தவருக்கு வெளியேற்றம் என்று இப்போதே எழுதிவையுங்கள். ஆறில் ஒருவருக்காவது பிரிட்டனில் தொழில் இருந்தால், அந்நாட்டின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தையே அளவுகோலாக வையுங்கள்: வேலையை வேகப்படுத்தக் கொடுக்கும் சில்லறைப் பணத்துக்கும் அதில் விலக்கு இல்லை. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1977 சட்டத்தில் அதற்குக் குறுகிய விலக்கு உண்டு. அதை நம்பி விதி எழுதாதீர்கள்.

இவ்வளவும் நடைமுறைக்கு வந்தபின் உறுதிமொழிக்கு அரைப் பக்கம் போதும்.